அப்பாவின் அளவும் என் அளவும்

சட்டை தைக்கக் கொடுக்கும்போது தையற்காரர் நம் தோளையும் கையையும் அளந்து கொள்கிறார். செருப்பு வாங்கும்போது நாலு அடி நடந்து பார்த்த பிறகே காசை எடுக்கிறோம். ஆனால் நூற்றறுபது கிலோவுக்கு மேல் கனக்கும் ஒரு மோட்டார் சைக்கிளின்மேல் ஏறி உட்காரும்போது மட்டும், அது நம் உடலுக்குப் பொருந்துகிறதா என்று பார்க்க வேண்டும் என்னும் எண்ணம் பெரும்பாலோர்க்கு எழுவதில்லை. எனக்கும் எழவில்லை. அது எழுவதற்கு ஒரு சாரற்காலமும், என் அம்மாவின் கணுக்காலில் ஒரு வீக்கமும் தேவைப்பட்டன.

எங்கள் ஊர் பண்பொழி. செங்கோட்டைக்கும் தென்காசிக்கும் பக்கத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையின் காலடியில் கிடக்கும் ஊர். திருமலைக் குமாரசாமி கோயிலுக்கு வந்தவர்கள் எங்கள் ஊரைக் கடந்துதான் வந்திருப்பார்கள். மேற்கே போனால் மேக்கரை. அதையும் தாண்டினால் அச்சன்கோவில் மலைப்பாதை. ஆனி பிறந்தால் சாரல் பிடித்துக் கொள்ளும். வெயில் அடிக்கும்போதே தூறும். தூறும்போதே வெயில் அடிக்கும். சாலை எப்போது ஈரம், எப்போது காய்ந்தது என்று சொல்ல முடியாது. குற்றாலத்துக்கு வரும் கூட்டத்துக்கு அது இன்பம். புதிதாக வண்டி பழகுகிறவனுக்கு அது சோதனை.

வண்டி அப்பாவுடையது. 1992-இல் புதிதாக வாங்கிய புல்லட். தேங்காய் வியாபாரத்துக்காக அந்த வண்டியில் அவர் சுற்றாத தோப்பு இல்லை. அப்பா ஆறடி உயரம். நானோ அம்மாவைக் கொண்டு பிறந்தவன். ஐந்தடி மூன்று அங்குலத்தோடு வளர்த்தியை நிறுத்திக் கொண்டேன். இரண்டு ஆண்டுகளுக்கு முன் அப்பாவின் வலது முழங்கால் தேய்ந்துவிட்டது. கிக்கரை உதைக்கும் கால் அதுதான். ஒரு நாள் காலையில் ஐந்தாறு முறை உதைத்துப் பார்த்துவிட்டு, வண்டியை ஸ்டாண்டில் நிறுத்தி, ஒன்றும் பேசாமல் உள்ளே போய்ப் படுத்துக் கொண்டார். அதன் பிறகு அவர் அதை ஓட்டவில்லை. சனிக்கிழமைதோறும் துடைப்பதை மட்டும் விடவில்லை.

நான் ஓட்டுநர் உரிமம் பெற்ற அன்று சாவியைக் கையில் கொடுத்தார். கூடவே ஒரு நிபந்தனையும் கொடுத்தார்.

“ஏலே, வண்டிய எடுத்துக்கோ. ஆனா ஒரு நட்டக்கூடத் திருப்பப்பிடாது. எல்லாம் அளந்து வச்சது.”

அளந்து வைத்தது உண்மை. யாருடைய அளவுக்கு என்பதுதான் பின்னால் எனக்குச் சிக்கலாயிற்று.

இந்த வண்டியைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். புல்லட் பிறந்தது இங்கிலாந்தில், ரெட்டிச் என்னும் ஊரில். 1955-இல் சென்னை மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனத்தாரோடு கூடி என்பீல்டு இந்தியா என்னும் கம்பெனி தோன்றி, திருவொற்றியூரில் தொழிற்சாலை வைத்தது. பிறந்த நாட்டில் அந்தக் கம்பெனி மறைந்து போன பிறகும் நம் நாட்டில் அந்த வண்டி நிற்காமல் ஓடியது. பழைய புல்லட்டில் கியர் வலது காலில் இருக்கும். பின் பிரேக் இடது காலில் இருக்கும். அது பழைய ஆங்கில வண்டிகளின் வழக்கம். இப்போது கடையில் விற்கும் வண்டிகள் யாவும் இதற்கு நேர்மாறு. என் நண்பர்களின் வண்டிகளில் பழகிவிட்டு இதில் ஏறியவன் நான். முதல் வாரம் ஒரு ஆட்டுக்குட்டி குறுக்கே வந்தது. பிரேக் என்று வலது காலை அழுத்தினேன். வண்டிக்குக் கியர் மாறியது. ஆடு தன் புத்தியால் பிழைத்தது.

கால் மாற்றம் ஒரு மாதத்தில் பழகிவிட்டது. உடம்பு வலிதான் பழகவில்லை. இருக்கை எனக்கு உயரம். அப்பா தம் நீண்ட கால்களுக்காக உள்ளே கூடுதல் பஞ்சு வைத்துத் தைத்திருந்தார். நின்றால் இரண்டு பக்கமும் கட்டைவிரல் நுனிதான் தரையைத் தொடும். கைப்பிடியை அவர் முன்புறமாகச் சாய்த்து வைத்திருந்தார். அதை எட்டிப் பிடிக்க நான் முதுகை வளைத்து, முழங்கையை விறைத்து, ஏறக்குறைய பெட்ரோல் டாங்கின்மேல் படுத்தபடி ஓட்டினேன். கிளட்ச் லீவரோ மேல்நோக்கி நின்றது. அதை இழுக்க மணிக்கட்டைப் பின்னுக்கு மடிக்க வேண்டும். புல்லட்டின் கிளட்ச் இயல்பிலேயே கெட்டி. தென்காசிக்குப் போய்த் திரும்பினால் இடது கை பேனா பிடிக்காது; நல்ல வேளை, எழுதுவது வலது கையால்.

இதையெல்லாம் வண்டியின் குறை என்று நான் எண்ணவில்லை. என் குறை என்றே எண்ணினேன். புல்லட் ஓட்டுவதென்றால் இப்படித்தான் வலிக்கும், வலி தாங்குகிறவன்தான் ஆண்பிள்ளை என்று ஒரு மடமை. சிறுவயதில் வாடகைச் சைக்கிளில் குரங்குப் பெடல் போட்டுப் பழகிய தலைமுறையினர் கதைகள் கேட்டிருக்கிறோமே, அவர்களுக்கு எட்டாததற்காகச் சைக்கிளையா குறை சொன்னார்கள் என்று எனக்கு நானே சமாதானமும் சொல்லிக் கொண்டேன். குரங்குப் பெடல் போட்ட பையன்கள் யாரும் பின்னால் அம்மாவை ஏற்றிக் கொள்ளவில்லை என்பது அப்போது தோன்றவில்லை.

ஆடி மாதத்தில் ஒரு ஞாயிறு நண்பர்களோடு குற்றாலம் போனேன். பேரருவியில் குளிக்குமுன் எண்ணெய் தேய்த்துக் கொள்வது அங்கே வழக்கமாக இருந்தது. எனக்குத் தேய்த்த பெரியவர் இரண்டு தோள்பட்டைக்கும் நடுவில் கட்டைவிரலை வைத்து அழுத்தினார். நான் கத்திவிட்டேன்.

“தம்பி மோட்டார் சைக்கிள் ஓட்டுதியளோ?” என்றார்.

“எப்படித் தெரிஞ்சுது?”

“கையத் தூக்கிக்கிட்டே ஓட்டுதிய. இங்கன கட்டிக் கெடக்கு.”

அருவி அந்தக் கட்டைக் கொஞ்சம் கரைத்தது. திரும்பி வரும் வழியிலேயே அது மறுபடியும் கட்டிக் கொண்டது.

ஊரில் எங்கள் வண்டியை ஆண்டாண்டாகப் பார்க்கும் மெக்கானிக் அண்ணாச்சியிடம் போனேன். அவர் வண்டியைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். வண்டியை நடு ஸ்டாண்டில் நிறுத்தச் சொன்னார். “ஏறி உக்காருங்க. கண்ண மூடிக்கிடுங்க. கைப்பிடிய நெனைக்காம, கைக்கு எங்க சொகமா இருக்கோ அங்க நீட்டுங்க” என்றார். நீட்டினேன். “இப்பக் கண்ணத் திறங்க.” என் கைகள் கைப்பிடிக்கு ஒரு சாண் இப்பாலே காற்றில் நின்றன.

“இதுல ஒங்கப்பாதான் உக்காந்திருக்காரு. நீங்க அவரு மடியில உக்காந்து ஓட்டுதிய” என்று சிரித்தார். அரை நாள் வேலைதான், மாற்றித் தருகிறேன் என்றும் சொன்னார். நான் அப்பாவின் நிபந்தனையைச் சொன்னேன். அவர் சிரிப்பை நிறுத்திக் கொண்டு, “அப்ப அவருகிட்டக் கேட்டுட்டு வாங்க” என்றார்.

கேட்கவில்லை. கேட்க எனக்கு வாய் வரவில்லை. அந்த வண்டியில் அவருடையதென்று மிச்சம் இருப்பது அந்த அளவு ஒன்றுதான் போலும் என்று எனக்கு ஒரு நினைப்பு. சனிக்கிழமை அவர் துடைக்கும்போது பார்த்திருக்கிறேன். கைப்பிடியைத் துடைத்து முடித்த பின்னும் கையை எடுக்க மாட்டார்.

இரண்டு வாரம் கழிந்திருக்கும். அம்மாவை ஏற்றிக் கொண்டு தென்காசிச் சந்தைக்குப் போய்விட்டு வந்து கொண்டிருந்தேன். அம்மா சேலை கட்டி ஒரு பக்கமாக உட்கார்ந்திருந்தாள். மடியில் காய்கறிப் பை. ஊருக்குள் நுழையும் முன் எதிரே பஸ் வந்தது. ஒதுங்கி நிறுத்தினேன். தார்ச்சாலையின் ஓரம் சரிவாக இருந்தது. சாரலில் நனைந்த மண். இடது காலை ஊன்றினேன். கட்டைவிரல் தரையைத் தேடியது; தரை இரண்டு அங்குலம் கீழே இருந்தது. அந்த இரண்டு அங்குலத்துக்குள் வண்டி சாய்ந்துவிட்டது. ஓடும்போது பஞ்சு போல் இருக்கும் அந்த எடை, சாயத் தொடங்கினால் எவ்வளவு என்பது சாய்த்தவனுக்குத்தான் தெரியும். பிடித்துப் பார்த்தேன், நிற்கவில்லை. இடப்பக்கம் கால் தொங்கப் போட்டிருந்த அம்மாவின் கணுக்கால், கால்மிதிக்கும் மண்ணுக்கும் நடுவில் மாட்டிக் கொண்டது.

எலும்புக்கு ஒன்றும் இல்லை. வீக்கம் மட்டும். கத்தரிக்காயெல்லாம் சாலையில் உருண்டது. பஸ்ஸை நிறுத்தி இரண்டு பேர் இறங்கி வந்து தூக்கிவிட்டார்கள். அம்மா எழுந்ததும் முதலில் கேட்டது, “ஒனக்கு ஒண்ணும் இல்லயேப்பா?” என்பது. இரண்டாவது சொன்னது, “அப்பாகிட்டச் சொல்லாத” என்பது.

வீட்டில், “கோயில் படியில கால் வழுக்கிட்டு” என்று அவளே சொல்லிவிட்டாள். நான் வாயைத் திறக்கவில்லை. அன்றிரவு அவள் காலுக்கு உப்புத் தண்ணீர் ஒத்தடம் கொடுத்துக் கொண்டிருந்தபோது அப்பா கட்டிலில் உட்கார்ந்து பார்த்துக் கொண்டே இருந்தார். ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அது எனக்குக் கேள்வி கேட்பதைவிடக் கடினமாக இருந்தது.

சனிக்கிழமை வந்தது. துடைக்கப் போனவர் என்னைக் கூப்பிட்டார். இடது பக்கத்து இரும்பு வளையத்தில் சிராய்ப்பு. அதில் காய்ந்த செம்மண்.

“எந்த எடத்துல விழுந்த?”

சொன்னேன். சரிவையும் சொன்னேன். கால் எட்டாததையும் சொன்னேன். தோள்வலி, மணிக்கட்டு, அருவிக்கரையில் எண்ணெய் தேய்த்தவர், மெக்கானிக் அண்ணாச்சி சொன்ன மடிக் கதை எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்துவிட்டன. அவர் ஏச்சுக்கு நான் ஆயத்தமாக நின்றேன். அவர் உள்ளே போனார். காலைத் தாங்கித் தாங்கி நடந்து, சாக்குத் துணியில் சுருட்டிய ஸ்பேனர்களை எடுத்து வந்து திண்ணையில் விரித்தார்.

“கைப்பிடியில தொடங்காத. சீட்டுல தொடங்கு. சீட்டு மாறுனா எல்லாம் மாறும்” என்றார்.

அதன்பின் நடந்ததை, புதிதாக வண்டி ஓட்டும் என் கல்லூரி நண்பர்களுக்குப் பயன்படலாம் என்று சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

இருக்கையைக் கழற்றித் தென்காசியில் சீட் தைக்கும் கடைக்குக் கொண்டு போனேன். பஞ்சு முழுவதையும் வெட்டி இறக்கச் சொன்னேன். கடைக்காரர் மறுத்துவிட்டார். அப்படி வெட்டினால் அடியில் உள்ள தகடு உட்காரும் இடத்தில் குத்துமாம். அதற்குப் பதிலாக, உயரத்தில் கொஞ்சமும், டாங்கை ஒட்டிய முன்பகுதியின் இரு ஓரத்திலும் நன்றாகவும் சீவினார். இருக்கை முன்னால் ஒடுங்கியதும் தொடைகள் அகலாமல் நேரே கீழே இறங்கின. உயரம் குறைந்தது இரண்டு விரற்கடைதான்; கால் இறங்கியதோ அதைவிடக் கூடுதல். இப்போது பாதத்தின் முன்பாதி தரையில் படிந்தது. முழுப் பாதமும் படிய வேண்டும் என்பதில்லை, பாதத்தின் பந்து ஊன்றினால் வண்டியைத் தாங்கலாம் என்றார் அப்பா.

அடுத்தது கைப்பிடி. அதைக் கவ்வியிருக்கும் கிளாம்ப்பின் நட்டுகளை முழுவதும் கழற்றாமல் தளர்த்தி, என் பக்கமாகச் சிறிது சுழற்றினோம். சிறிது என்றால் உண்மையாகவே சிறிதுதான். நான் ஒரேயடியாக இழுக்கப் போனபோது அப்பா கையில் தட்டினார். முழங்கை இலேசாக மடிந்திருக்க வேண்டும். நிமிர்ந்து உட்கார்ந்தால் உடலின் பாரம் உள்ளங்கையில் இறங்கக் கூடாது. நட்டுகளை ஒரு பக்கம் முழுக்க முடுக்கிவிட்டு மறு பக்கம் போகாமல், மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்கினோம். பிறகு கைப்பிடியை இடக்கோடி வரையிலும் வலக்கோடி வரையிலும் திருப்பிப் பார்த்தோம். கேபிள் எங்காவது இழுபடுகிறதா, விரல் டாங்கில் இடிக்கிறதா என்று பார்க்காமல் சாலைக்குப் போகக் கூடாது. ஆக்ஸிலேட்டர் கேபிள் இழுபட்டால், வளைவில் திருப்பும்போது வண்டி தானாக வேகம் எடுக்கும்.

லீவர்களைத் தனியாகத் தளர்த்திக் கீழே இறக்கினோம். முழங்கை, மணிக்கட்டு, நீட்டிய விரல்கள் மூன்றும் ஒரே கோட்டில் வர வேண்டும். இத்தனை மாதம் நான் பட்ட கைவலிக்கு ஒரு நட்டின் கால் சுற்றுதான் மருந்து என்று அறிந்தபோது எனக்கு மகிழ்ச்சியைவிடக் கோபமே வந்தது. கேபிளில் எண்ணெய் விட்டோம். லீவரின் அடியில் இரண்டு மூன்று மில்லிமீட்டர் தளர்வு இருக்கும்படி வைத்தோம். தளர்வே இல்லாவிட்டால் கிளட்ச் முழுதும் பிடிக்காமல் நழுவித் தேய்ந்துபோகும்.

காலுக்கு வந்தோம். பழைய புல்லட்டில் கால் வைக்கும் கம்பியை நம் விருப்பத்துக்கு நகர்த்த வழியில்லை. ஆகவே கம்பியை ஒட்டி மற்றவற்றைத்தான் நகர்த்த வேண்டும். கியர் மிதி பற்கள் வெட்டிய ஒரு தண்டில் மாட்டியிருக்கிறது. அப்பாவின் பத்தாம் எண் செருப்புக்காக வைத்ததை ஒரு பல் கீழே மாற்றினோம். பிரேக் மிதியையும் இறக்கினோம். இங்கே நான் ஒரு பாடம் கற்றேன். மிதியின் உயரம் வேறு, பிரேக் பிடிக்கத் தொடங்கும் இடம் வேறு. மிதியை மட்டும் மாற்றிவிட்டுப் பின்சக்கரத்துக் கம்பியின் நட்டை மறந்தால், ஒன்று பிரேக் எப்போதும் உரசும், அல்லது மிதித்தாலும் பிடிக்காது. பின் விளக்கு சரியான நேரத்தில் எரிகிறதா என்பதையும் அம்மாவைப் பின்னால் நிற்க வைத்துப் பார்த்தோம். “எரியுது, எரியுது” என்று அவள் சொல்லிக் கொண்டே இருந்தாள், நான் காலை எடுத்த பிறகும்.

பின்புற ஷாக் அப்சார்பர்களை அப்பா தேங்காய் மூட்டைக்காகக் கெட்டியாக வைத்திருந்தார். என் ஐம்பத்திரண்டு கிலோவுக்கு அது கல். கொக்கி ஸ்பேனரால் இரண்டு பக்கமும் ஒரே படிக்கு இறக்கினோம். பின்னால் ஆள் ஏறினால் மறுபடி ஏற்ற வேண்டும். கண்ணாடிகள் கடைசி, கைப்பிடி நகர்ந்தால் அவையும் நகர்ந்துவிடும் அல்லவா?

இவ்வளவையும் ஒரே நாளில் செய்யவில்லை. அப்பா விடவில்லை. ஒன்றை மாற்றினால் மேக்கரை வரை போய் அடவிநயினார் அணையைப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டும். எங்கே வலிக்கிறது என்று சொல்ல வேண்டும். அதற்குப் பிறகுதான் அடுத்தது. இரண்டையும் சேர்த்து மாற்றினால் எது வலி கொடுத்தது, எது தீர்த்தது என்று தெரியாது என்பது அவர் கட்சி. எங்கள் இயற்பியல் சோதனைக்கூடத்திலும் இதைத்தான் சொல்கிறார்கள்; அங்கே என் காதில் ஏறவில்லை. குதிரை ஏறுவோர் அங்கவடியின் வாரைத் தம் கைநீளத்துக்கு அளந்து, விரல்நுனியிலிருந்து அக்குள் வரை வைத்துப் பார்த்துத்தான் ஏறுவார்கள் என்று ஒரு நூலில் படித்ததை அவரிடம் சொன்னேன். “குதிரைக்காரன் புத்திசாலி. தன் காலத் தான் அளந்திருக்கான்” என்றார். சற்றுப் பொறுத்து, 1992-இல் தமக்கும் இந்த வண்டியைச் சரிப்படுத்த மூன்று மாதம் பிடித்தது என்றும், அந்த மூன்று மாதமும் முதுகுக்கு வலி எண்ணெய் தேய்த்ததை யாரிடமும் சொல்லவில்லை என்றும் சொன்னார். எனக்குத் தெரிந்தவரை இதுதான் முதல் முறை.

1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள், பின்னால் உட்காருகிறவருக்குப் பிடித்துக் கொள்ளக் கைப்பிடியும், கால் வைக்க இடமும், துணி சிக்காதபடி பின்சக்கரத்தின் பாதியையாவது மறைக்கும் தடுப்பும் வேண்டும் என்கின்றன. எங்கள் வண்டியில் மூன்றும் இருந்தன. ஆனாலும் நாங்கள் அம்மாவுக்கென்று ஒன்று செய்தோம். அவள் கால் வைக்கும் பலகை சற்றுப் பின்னால் தள்ளியிருந்தது. அதை முன்னுக்குக் கொண்டு வந்தோம். அவளுக்கும் ஒரு ஹெல்மெட் வாங்கினோம். சந்தைக்கு இனிமேல் பஸ்ஸில்தான் போவேன் என்று சொல்லியிருந்தவள், மூன்றாம் வாரம் பையை எடுத்துக் கொண்டு வண்டிப் பக்கத்தில் வந்து நின்றாள்.

எல்லாம் முடிந்த அன்று மாலை வண்டி ஸ்டாண்டில் நின்றது. அப்பா ஒரு முறை சுற்றி வந்தார். பிறகு, நான் பிடிக்கப் போனதைத் தடுத்துவிட்டு, இடது காலை ஊன்றி, வலிக்கும் காலை மெல்லத் தூக்கிப் போட்டு ஏறி உட்கார்ந்தார். இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு அவர் அதில் உட்காருவது அன்றுதான். முழங்கால்கள் உயர்ந்து கைப்பிடியை இடித்தன. முழங்கைகள் விலாவில் ஒட்டிக் கொண்டன. பெரிய ஆள் குழந்தையின் மூன்று சக்கரச் சைக்கிளில் உட்கார்ந்தது போல் இருந்தது. அம்மா வாசலில் நின்று முந்தானையால் வாயைப் பொத்திக் கொண்டாள்.

“என்னலே இது, கைய வைக்க எடமில்ல” என்றார்.

“பழையபடி வச்சிரலாமாப்பா?” என்று கேட்டேன். உண்மையாகவே கேட்டேன். எந்தெந்த நட்டு எங்கே இருந்தது என்று சுண்ணாம்பால் குறி வைத்திருந்தேன்.

அவர் பதில் சொல்லவில்லை. கிளட்ச்சை ஒரு முறை இழுத்து விட்டார். பின்னால் கையை ஊன்றி, உட்கார்ந்தபடியே நகர்ந்து, பின்சீட்டுக்குப் போனார். கால்களைப் பின் பலகையில் தூக்கி வைத்துக் கொண்டார்.

“ஷாக் அப்சார்பர ரெண்டு படி ஏத்து. நான் ஒங்கம்மா இல்ல, எம்பது கிலோ” என்றார்.

ஏற்றினேன். திருமலைக்கு வண்டிப் பாதையில் போனோம். மலைப்பாதையின் முதல் கொண்டை ஊசி வளைவில் என் தோளை அவர் கை இறுகப் பிடித்தது. “மொதல் கியருக்குப் போ” என்றார். நான் முன்பே போய்விட்டிருந்தேன். இரண்டாவது வளைவில் அவர் ஒன்றும் சொல்லவில்லை. மேலே போய் நிறுத்தியபோது சாரல் அடித்துக் கொண்டிருந்தது. இரண்டு காலையும் ஊன்றி நான் வண்டியைப் பிடித்துக் கொள்ள, அவர் மெதுவாக இறங்கினார்.